நோரா காரில் இருக்கிறாள்

பாலிக்ளெரி
நவம்பர் 11, 1996

அன்புள்ள ஷீஹி அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ இருக்காதோ தெரியவில்லை. நான் மாட் லோனர்கனின் மனைவி நோரா. அவர் ஆகஸ்டில் போய்விட்டார். பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். பத்திரிகையில் போட்டிருந்தார்கள், பார்த்திருப்பீர்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வேலி தாண்டுகிற குதிரையோட்டியைக் கட்டிக்கொண்டு காலம் பூராவும் வாழ்ந்தேன், ஆனால் அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வேலியோரம் போய் நின்றேன். என் கண்ணெதிரே விழுந்தார். குதிரை அவர் மேல் புரண்டு எழுந்தது. தோள் எலும்போடு போயிற்று, ஆனால் எனக்கு அன்றைக்கே உயிர் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த ஊர்ப் பந்தயமானாலும் நான்தான் காரோட்டி அழைத்துப் போவேன், நான்தான் அழைத்து வருவேன், காரை விட்டு மட்டும் இறங்க மாட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் பிளாஸ்கில் டீ. கூட்டம் கத்தும், அடங்கும். அப்புறம் தலையைத் தூக்கி, மனுஷன் காலால் நடந்து வருகிறாரா என்று பார்ப்பேன். நடந்து வந்தால் டீ ஊற்றுவேன். இதுதான் எனக்குத் தெரிந்த குதிரைப் பந்தயம்.

இப்போது என் தொந்தரவு என்னவென்றால், கண்ணை மூடினால் கட்டிலில் கிடந்த ஆள்தான் வருகிறார். கோணிப்போன வாய், துடைத்துவிட வேண்டிய கன்னம். அதற்கு முன்னால் இருந்த மனுஷன் வரவே மாட்டேன் என்கிறார். குதிரை மேல் அவரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் போலிருக்கிறது. அந்தச் சின்ன மைதானங்களுக்குப் படம் பிடிக்க யார் வந்தார்கள்? ஊர்க்காரர்களைக் கேட்டால் "நல்லா ஓட்டுவாரும்மா" என்கிறார்கள். அவர்களுக்கு அவர் தூரத்தில் போன ஒரு பச்சைச் சட்டை. முழங்காலோடு முழங்கால் உரசிக்கொண்டு கூடவே ஓட்டினவர் நீங்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் நீங்கள்தான்.

உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது தெரியும். ஏன் என்று தெரியாது. கேட்டால் "ம்" என்பார். அந்தக் கல்லுளிமங்கனிடமிருந்து நான் வாழ்நாளில் வாங்கின வார்த்தைகளை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். லிட்டில் பிஷப் என்கிற அந்தக் கறுப்புக் குதிரை மேல் அவர் எப்படி இருப்பார் என்று மட்டும் எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
நோரா லோனர்கன்


கில்மோர் கிராஸ்
நவம்பர் 27, 1996

திருமதி லோனர்கன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன். சாவுச் செய்தி பார்த்தேன். கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

நீங்கள் கேட்டதை எழுத எனக்கு மனமில்லை. வேறு யாரையாவது கேளுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசித்தேன், வேறு யார் இருக்கிறார்கள்? பந்தயத்துக்கு முன்னால் ஓட்டிகளை எடை போடும் அறையில் எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினவர்களில் ஜாக்கி டன்ஃபி செத்தான். பாட்ஸி கீரன் முதியோர் இல்லத்தில் இருக்கிறான், போன தடவை போனபோது என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு அழுதான். மிச்சம் நான்தான். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் ஒன்றைத் திருத்தாமல் விட முடியாது. லிட்டில் பிஷப் கறுப்பில்லை. கரும்பழுப்பு. மழையில் நனைந்தால் கறுப்பாகத் தெரியும், நம் நாட்டில் என்றைக்கு மழை பெய்யவில்லை? சின்ன உடம்பு, கழுதைக்குச் சித்தப்பா மாதிரி காது. நான் ஓட்டின போஸ்ட்மாஸ்டர் என்ற குதிரை அப்படியில்லை. தெருவில் போனால் பாதிரியார்கூட நின்று பார்ப்பார். அவ்வளவு அழகான மிருகத்துக்கு மூளை மட்டும் வைக்க மறந்துவிட்டார் கடவுள். வேலியைக் கண்டால் பாய்வான், எங்கே கால் ஊன்றுவது என்று யோசிக்க மாட்டான். பிஷப் யோசிக்கும். வேலிக்கு முன்னால் காதைத் திருப்பி முதுகில் இருக்கிறவன் பேச்சைக் கேட்கும். அந்தக் காலத்தில் குதிரைகள் அப்படி இருந்தன. சனிக்கிழமை ஓடும், திங்கட்கிழமை பால் வண்டி இழுக்கும்.

போதும். எங்கேயோ போய்விட்டேன்.

எங்கள் பேச்சு ஏன் நின்றது என்று தெரியாது என்றீர்கள். கிளான்மெல் பந்தயத்தில் போஸ்ட்மாஸ்டர் என்னோடு விழுந்து தொடை எலும்பும் இடுப்பும் நொறுங்கின. ஒரு குளிர்காலம் பூராவும் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உங்கள் கணவனும் நானும் ஒரே அறையில் தங்கி, எடை குறைக்க ஒரே தொட்டி வெந்நீரில் மாறி மாறி வெந்தவர்கள். அவன் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட. பின்னால் குதிரைச் சந்தையில் எதிரே வந்து கையை நீட்டினான். நான் பக்கத்தில் நின்ற ஒரு கழுதையின் பல்லைப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் போகும் வரை பார்த்தேன். கழுதைக்காரன் நான் வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

பார்ட்லி ஷீஹி


பாலிக்ளெரி
டிசம்பர் 3, 1996

ஷீஹி அவர்களுக்கு,

இறந்துபோன மனுஷன் மேல் பொய் சொல்லக் கூடாது. எனக்கு வந்த கோபத்தில் உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன், குதிரையைப் பற்றி எழுதியிருந்ததால் போடவில்லை.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நானே அழைத்து வந்தேன். பூசை முடிந்ததும் சாப்பிடாமல்கூடக் கிளம்புவோம். ஆற்றோரம் காரை நிறுத்துவேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையில் கறுப்புத் திராட்சைப் பொட்டலத்தோடு அந்தப் பெரிய கதவுக்குள் போவார். நான் காரில் இருப்பேன், எனக்கென்ன, பழக்கம்தானே. ஒரு மணி நேரம் கழித்து வருவார். "எப்படி இருக்காரு?" என்று கேட்பேன். "தேவலாம். சூப்பு குடிச்சானாம்" என்பார். இன்னொரு வாரம், "கால்ல கட்டின எடையைக் குறைச்சிட்டாங்க." அவரைப் பொறுத்தவரை அது பெரிய பிரசங்கம். மழையில் காரோட்டி வீட்டுக்கு வருகிற வழி பூராவும் அப்புறம் ஒரு வார்த்தை இருக்காது.

உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், மறந்துபோயிருக்கும். அவர் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது கொஞ்சம்தான். அதிலும் கை வைக்க வேண்டாம்.

நோரா லோனர்கன்


கில்மோர் கிராஸ்
ஜனவரி 14, 1997

திருமதி லோனர்கன் அவர்களுக்கு,

பதில் எழுத நாளாயிற்று. கிறிஸ்துமஸ் பூராவும் உங்கள் கடிதம் மேஜை மேல் கிடந்தது. இந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. நாய் செப்டம்பரில் செத்தது, இன்னொன்று வாங்கவில்லை. எனக்குப் பிறகு அது யார் வீட்டு வாசலில் நிற்கும்? அதனால் சுவரோடுதான் வாதாடினேன்.

மருந்து மயக்கமெல்லாம் முதல் வாரத்தோடு சரி. அதன் பிறகு எனக்கு நன்றாக நினைவிருந்தது, நினைவைத் தவிர வேறு வேலையும் இல்லை. மாட் என் கட்டில் பக்கம் வரவில்லை. இதை மாற்றிச் சொல்ல என்னால் ஆகாது.

ஆனால் திராட்சை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சிஸ்டர் பெனிக்னா என்ற கன்னியாஸ்திரி ஒரு பொட்டலத்தை என் மார்பு மேல் வைத்துவிட்டுப் போவார். யார் கொடுத்தது என்று கேட்டால் "படிக்கட்டுல இருக்கிற கூச்சக்காரர்" என்பார். குதிரைக்குச் சொந்தக்காரர் அனுப்பின வேலையாள் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். எடைக்குப் பயந்து காய்ந்த ரொட்டியும் வெறும் டீயுமாக இளமையை ஓட்டினவன் நான். படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றேன். கொட்டையைக்கூடத் துப்பவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். என் வார்டுக்குக் கீழே. சிஸ்டர் இறங்கிப் போகும்போது சூப்பையும் கால் எடையையும் பற்றி விசாரித்துக்கொண்டு.

அது எங்கள் வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவன், இனி ஓட்ட முடியாதவன் கட்டிலைப் போய்ப் பார்க்க மாட்டான். பார்த்தால் அடுத்த சனிக்கிழமை வேலிக்கு முன்னால் அந்தக் கட்டில் வந்து நிற்கும். கை தானாகக் கடிவாளத்தை இழுக்கும். இழுத்தவன் விழுவான். டன்ஃபி முதுகு ஒடிந்து கிடந்தபோது எங்களில் யாரும் போகவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். மாட் மற்றவன் மாதிரி இல்லை என்று நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இன்றைக்கு எழுத முடியாது.

ஷீஹி


பாலிக்ளெரி
ஜனவரி 20, 1997

ஷீஹி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, அவர் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதேன். அவர் மாடிப்படியில், நான் காரில். நல்ல ஜோடி. பக்கத்தில் போய்ப் பார்க்கத் தைரியமில்லாத இரண்டு பேரைக் கடவுள் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்.

அவர் பொய் சொல்லி என்னை ஏமாற்றினார் என்று கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. நினைத்துப் பார்த்தால் "பார்த்தேன்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "குடிச்சானாம்" என்றுதான் சொன்னார். காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை.

நேற்று மறுபடியும் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். பாஸ்டனிலிருந்து மகள் போன் செய்தபோது சொன்னேன், "வெளியே போய் நாலு பேரைப் பாரும்மா" என்றாள். நாலு பேரும் வானிலையைத்தான் பேசுகிறார்கள்.

நான் கேட்டது நிலுவையில் இருக்கிறது. காரணம் இருந்தது என்றீர்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு வயதாகிறது, உங்களுக்கும்தான்.

நோரா லோனர்கன்


கில்மோர் கிராஸ்
பிப்ரவரி 9, 1997

நோரா அவர்களுக்கு,

எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், அதனால் மூச்சுவிடாமல் எழுதுகிறேன்.

கிளான்மெல். குளிர்காலத் தொடக்கம், தரை சேறாகக் குழைந்து கிடந்தது. ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை முதல் வேலி வரை நடத்திக்கொண்டு போய், "இதோ பார், இதைத்தான் தாண்டணும்" என்று காட்டுவது முறை. போஸ்ட்மாஸ்டர் வேலியைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தான். பிஷப் முகர்ந்தே பார்த்தது. அப்போது பாட்ஸி கீரன் எல்லோரும் எப்போதும் சொல்கிறதைச் சொன்னான்: "சீக்கிரம் முடிங்கடா. நோரா கார்ல இருக்கா."

நீங்கள் இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். ஆமாம், உங்கள் பெயர்தான். எடை போடும் அறையில் உங்கள் பெயர் தெரியாதவன் கிடையாது. அதற்குக் காரணம் உங்கள் புருஷன். வீட்டில் ஊமை என்கிறீர்கள். குதிரை மேல் ஏறிவிட்டால் அவன் வாய் மூடாது. ஓட்டம் தொடங்கினதிலிருந்து கடைசி வேலி வரை குதிரையோடு பேசிக்கொண்டே போவான். அதட்டலோ கத்தலோ இல்லை, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற குரல். எங்களுக்கு வேலிக்கு வேலி உயிர் போகும், இவன் குடும்பக் கதை பேசிக்கொண்டிருப்பான். "அந்தச் சமையலறை ஜன்னலுக்கு வண்ணம் அடிக்கணும்டா பிஷப்பு, அவ சொல்லிச் சொல்லி அலுத்துட்டா." அடுத்த வேலி. "பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது, ராவெல்லாம் தூக்கமில்ல." அடுத்தது. ஒவ்வொரு வேலிக்கும் சரியாகத் தாண்டுகிற இடத்தில் ஒன்றே ஒன்று: "எழும்புடா ராசா, நோரா கார்ல இருக்கா, டீ ஆறிப்போகுது." பிஷப் அந்தப் பெரிய காதைத் திருப்பும், எழும்பும். சாட்டை தொட்டு நான் பார்த்ததில்லை.

எங்களுக்குச் சிரிப்பு. முதலில் கேலிக்குத்தான் நாங்களும் சொன்னோம். பிறகு பழகிப்போயிற்று. வீட்டில் யாரும் காத்திருக்காத நான்கூட வேலிக்கு முன்னால் அதையே முணுமுணுத்திருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவன் உட்காரும் விதம் கேட்டீர்கள். கால் ஊன்றுகிற அங்கவடியை நீளமாக விட்டிருப்பான், பழைய பாணி. முதுகு நேராக இருக்கும், கை மெத்தென்று இருக்கும். குதிரை தப்பாகக் கால் வைத்தால் கடிவாளத்தை விட்டுக்கொடுத்து, "பரவால்ல, பரவால்ல" என்பான், அதன் தப்புக்குத் தான் மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி. முகத்தில் சேறு அப்பியிருக்கும். பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அவன் சிரிப்பான் நோரா. அந்த வேகத்தில், அந்தச் சேற்றில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பேசுவான்.

அன்றைக்குக் கடைசிக்கு முந்தின வேலி. முன்னால் பள்ளம். நாங்கள் இருவரும் ஜோடியாக வந்தோம், மற்றவர்கள் எல்லாம் பின்னால். போஸ்ட்மாஸ்டர் வழக்கம்போல் யோசிக்காமல் தூரத்திலிருந்தே பாய்ந்துவிட்டான். பள்ளத்தின் விளிம்பில் முன்னங்கால் மாட்டிற்று. விழும்போது எனக்கு வலிக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: மாட் பேசுவது நின்றது. "நோரா கார்ல" என்று வந்த குரல் பாதியில் அறுந்தது. குதிரை மேல் அவன் மௌனமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. விழுந்தவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்தைத் திருப்பினால் உடம்பு திரும்பும், உடம்பு திரும்பினால் குதிரை வழி மாறும். சின்ன வயதிலேயே காதைத் திருகிச் சொல்லிக்கொடுப்பார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். நான் சேற்றில் மல்லாந்து கிடந்தேன், அவன் முழு முகமும் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு இல்லை. வாய் திறந்திருந்தது. என் பெயரைச் சொன்னானா என்று தெரியாது, குளம்புச் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குள் பிஷப் கடைசி வேலியில் முட்டிக்கொண்டு தடுமாறிற்று, கையிலிருந்த பந்தயம் போயிற்று. கடைசியில் கீரன் வந்து ஜெயித்தான். பிஷப் எப்படித் தோற்றது என்று ஊரெல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரியும்.

அந்த முகத்தைப் பார்த்ததால்தான் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தவன் வருவான் என்று ஒவ்வொரு ஞாயிறும் வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். டன்ஃபி மாதிரி எதிர்பார்க்காமல் இருந்திருந்தால் கழுதைப் பல்லைப் பார்த்திருக்க மாட்டேன்.

குதிரை மேல் அவன் முகம் வேண்டும் என்று கேட்டீர்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

பார்ட்லி


பாலிக்ளெரி
மார்ச் 2, 1997

பார்ட்லி,

மூன்று வாரமாக உங்கள் கடிதம் ஏப்ரன் பையிலேயே இருக்கிறது. மாவு படிந்துவிட்டது.

அந்தச் சமையலறை ஜன்னலுக்கு அவர் கடைசி வரை வண்ணம் அடிக்கவில்லை. நான் எத்தனையோ தடவை கேட்டேன், காதில் விழுந்ததா என்றே சந்தேகப்பட்டேன். விழுந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். டிப்பரேரி மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு குதிரைக்கும் என் ஜன்னலைப் பற்றித் தெரிந்திருக்கிறது! கோபமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஒரு வார்த்தை என்னிடம் பேசியிருந்தால் என்ன? காரில் திரும்பி வரும்போது அலுத்துப்போய் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது கண்ணை மூடினால் வருகிறார். சேறும் பல்லுமாக. கட்டிலில் கிடந்தவர் முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் நகர்ந்து இடம் கொடுக்கிறார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஈஸ்டருக்குக் கேஷலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். வழி உங்கள் வாசல் பக்கம்தான் என்று வரைபடத்தில் பார்த்தேன். நீல நிற ஃபோர்டு கார், பழையது. வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த மாதிரி விஷயங்களில் என்ன தைரியம் உண்டு என்று உங்களுக்கே தெரியும்.

நோரா


கில்மோர் கிராஸ்
ஏப்ரல் 1, 1997

நோரா,

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் ஒரு நீலக் கார் என் கேட்டுக்கு எதிரே வந்து நின்றது. எஞ்சினை அணைக்கிற சத்தம்கூடக் கேட்டது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ஒரு தலை குனிந்திருந்தது. பின்னிக்கொண்டிருந்தீர்களா?

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நேரே கதவுக்குப் போயிருக்க வேண்டும். கெட்டிலை அடுப்பில் வைத்து, இரண்டாவது கோப்பையைத் தேடப் போனேன். இந்த வீட்டில் இரண்டாவது கோப்பையை எடுத்து வருஷங்கள் ஆகின்றன, அலமாரியின் பின்னால் எங்கேயோ கிடந்தது. கழுவினேன். துடைத்தேன். ரொட்டி அறுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் வேண்டுமென்றேதான் நேரம் கடத்தினேன். நீங்கள் வந்து தட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நான் வந்து திறப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். கைத்தடியை எடுத்துக்கொண்டு, இந்த நொண்டிக் காலோடு வாசலுக்கு வருவதற்குள் கார் வளைவில் திரும்பிவிட்டது. கை காட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்தான், மேலே ஒருவன் கதவைப் பார்த்துக் கிடந்தான், அதில் ஒரு வாழ்நாள் போயிற்று. அதையே நாம் இருவரும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டுமா? நமக்கு அவ்வளவு நாள் மிச்சமில்லை.

அக்கா வீட்டிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்புவீர்கள் என்று கணக்குப் போட்டு, இந்தக் கடிதத்தைக் கேஷலுக்கே அனுப்புகிறேன், அக்கா விலாசம் எனக்குத் தெரியாது. லோனர்கனின் நோரா என்று எழுதினால் கேஷல் தபால்காரனுக்குத் தெரியாமல் போகாது. அன்றைக்கு என் கேட் திறந்திருக்கும், கதவும் திறந்திருக்கும். நான் உள்ளே இருக்க மாட்டேன், கேட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், மழை பெய்தாலும். நீங்கள் காரை நிறுத்தினால் போதும், கார்க் கதவை நான் திறக்கிறேன்.

இறங்கி வாருங்கள், நோரா. டீ ஆறிப்போகிறது.

பார்ட்லி